காணி இழந்தவர்களின் கோபம்



தோட்டத் தமிழரின் வாக்குரிமை 1949 இல் பறிபோனதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அதைப் பறிக்கச் சொன்ன கோபம் எங்கே பிறந்தது என்று விசாரிப்பது குறைவு.

கோபப்பட்ட கண்டிச் சிங்களவர் 1815 வரை தனி ராச்சியம் வைத்திருந்தவர்கள். ராச்சியம் பிரித்தானியரிடம் போனதில் முதலில் அடிபட்டவர்கள் பிரதானிகள். குடியானவனுக்கு அடி விழுந்தது 1840 இல். அந்த ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் கிடக்கும் காணிக்கு உரித்தை நிரூபிக்காவிட்டால் அது முடிக்குரியது என்றது. சேனை நிலமோ ஒருமுறை விதைத்தபின் பல வருடம் காடாக விடப்படுவது. விறகும் மாட்டுக்கு மேய்ச்சலும் அங்கேதான். அதற்கு எந்தக் குடியானவன் உறுதி வைத்திருப்பான்? ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்குக் காணி விலைபோனது. வாங்கியவர்களில் ஆளுநரும் அரசாங்க உத்தியோகத்தரும் இருந்தார்கள்.

அந்தக் காணிகளில் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன, கோப்பி பட்டுப்போனதும் தேயிலை. துரை பங்களாவில், எட்டாத உயரத்தில். கிராமத்தவன் தினமும் கண்டது தொழிலாளர் லயத்தில் இருந்த நம்மவர்களைத்தான். சர்வஜன வாக்குரிமை வந்ததும் 1931 இல் ஹட்டனிலிருந்து நம்மவரான பெரி சுந்தரம் அரசாங்க சபைக்குப் போய் அமைச்சரானார். 1947 இல் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஆறு ஆசனங்களை வென்றது. ஒருகாலத்தில் தாங்கள் ஆண்ட மலையில் கூலிக்கு வந்தவர்கள் பிரதிநிதிகளாவதா என்ற கொதிப்பு கிளம்பியது.

அந்தக் கோபத்துக்கு நியாயமான வேர் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். அதற்குக் குரல் கொடுத்தவர்கள் ரதல எனப்படும் கண்டிப் பிரபுக் குடும்பத்தார். தோட்டக் காணியைப் பிரித்துக் கொடு என்று கேட்டால், அடுத்த கேள்வி அவர்களது சொந்த நிந்தகக் காணிகள் பற்றியே வந்திருக்கும். வாக்கைப் பறி என்று கேட்பதில் அவர்களுக்கு நட்டமில்லை.

1948 இல் பிரஜாவுரிமைச் சட்டத்தால் பிரஜாவுரிமை போனது, மறு வருடம் வாக்குரிமையும் போனது. தொகுதி பிரிக்கும்போது மட்டும் நம் தலைகளும் எண்ணப்பட்டன. அதனால் கூடிய ஆசனங்கள் கண்டிக் கிராமத்து வாக்குகளுக்குப் போயின. ஆனால் காணி? 1951 இல் வந்த கண்டி விவசாயிகள் ஆணைக்குழுவின் அறிக்கை அதே கிராமங்களின் காணிப் பஞ்சத்தைத்தான் எழுதியது.

அந்தப் பஞ்சத்துக்கு மருந்தென்று 1977 இல் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்க அரசாங்கம் முனைந்தது. வேலை போய்விடும் என்று தொழிலாளர் எதிர்த்து நின்றார்கள். மே மாதம் டெவன் தோட்டத்தில் பொலிஸார் சுட்டதில் சிவனு லட்சுமணன் என்ற இளைஞர் உயிரிழந்தார். அவர் பெயரிலும் ஒரு துண்டுக் காணி இருக்கவில்லை.