வைரஸுக்குப் பிடி கொடாத மிளகாய்



ரந்தாவ், சிலியாவ், பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் நாலு மிளகாய்ச் செடி வைக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. நன்றாக வந்த செடியில் திடீரென்று இலை சிறுக்கும். நரம்பை ஒட்டிக் கரும்பச்சைத் திட்டும் நடுவில் வெளுப்புமாகத் தெரியும். பிடிக்கிற காயும் கோணிக்கொண்டு நிற்கும். கண் பட்டுவிட்டது என்பார் ஒருவர், உரம் போதவில்லை என்பார் இன்னொருவர். பல நேரம் காரணம் நரம்புத் தேமல் வைரஸ். தீபகற்ப மலேசியாவில் இது இருப்பதை மார்டி வேளாண் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1979-இல் பதிவு செய்தார்கள்.

இதைச் சுமப்பது அசுவினி. நோயுள்ள இலையில் சில விநாடி வாயைக் குத்தி எடுத்தாலே போதும், அடுத்த செடியில் குத்தும்போது வைரஸ் இறங்கிவிடும். மருந்து பட்டுப் பூச்சி சாவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. அதனால் மருந்தடிப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. பாத்தியில் வெள்ளி நிறப் பிளாஸ்டிக் விரிப்பது தேவலை. அதிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சத்தில் அசுவினி தடுமாறிப்போகும்.

உள்ளே போன வைரஸின் மொத்தச் சொத்து ஓர் ஆர்என்ஏ இழை, சுமார் 9,700 எழுத்து. புரதம் செய்ய அதற்குச் சொந்தக் கருவி கிடையாது. செடி தன் புரதங்களைச் செய்யத் தொடங்க இஐஎஃப்4இ என்றொரு புரதம் வைத்திருக்கிறது. அதை வைரஸ் பற்றிக்கொள்ளும். அப்புறம் செடியின் பட்டறையில் வைரஸின் சரக்குதான் தயாராகும்.

சில மிளகாய் இனங்களில் அந்தப் புரதத்துக்கான மரபணு லேசாக மாறியிருக்கிறது. செடிக்கு ஒரு குறையுமில்லை, வைரஸின் பிடிதான் நழுவுகிறது. ஆனால் இது கெட்டிக்கார வைரஸ். அந்தப் புரதம் வசப்படாவிட்டால் அதன் உடன்பிறப்பை வைத்து ஒப்பேற்றிவிடும். இரண்டும் மாறியிருந்தால்தான் செடி தப்பும் என்று 2009-இல் கொரிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

வீட்டில் விதை எடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். இந்த எதிர்ப்பு, தாய்ச்செடி தந்தைச்செடி இரண்டிடமிருந்தும் வந்தால்தான் பலிக்கும். ஒரு பக்கம் பழைய மரபணு வந்தாலே வைரஸுக்குப் பிடி கிடைத்துவிடும். சுற்றிலும் எல்லாம் சுருண்டபோது தாக்குப்பிடித்த செடியில்தான் நாம் விதை எடுப்போம். அதன் பூவுக்கோ தேனீ பக்கத்து வீட்டு மகரந்தத்தையும் கொண்டுவந்திருக்கும். அந்த விதையில் முளைப்பது பார்வைக்குத் தாயைப் போலவே இருக்கும், வைரஸ் வந்தால் தாங்காது. ஆகவே மொட்டு விரியும் முன்பே ஒரு கிளையைக் கொசுவலைத் துணியால் கட்டிவிடுங்கள். காலையில் லேசாக ஆட்டிவிட்டால் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். அந்தக் கிளையில் பழுத்ததை மட்டும் விதைக்கு எடுங்கள்.