இரவற் கருவி கற்பித்த பாடம்



பலர் கூடி ஒரு நூலை எழுதினால், யார் எதை எப்போது மாற்றினார் என்று குறித்துவைக்க ஓர் ஏடு வேண்டும். கணனி மென்பொருளை ஆக்குவோர்க்கும் அத்தகைய ஏடு இன்றியமையாதது. அதனை ஆக்கி விற்ற நிறுவனங்களுள் ஒன்று, அமெரிக்காவில் லாரி மக்வோய் என்பார் நிறுவிய பிட்மூவர். அதன் கருவியின் பெயர் பிட்கீப்பர்.

பல நாட்டார் கூடி ஆக்கும் லினக்ஸ் என்னும் மென்பொருளுக்கு, அதன் தலைவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 2002-இல் அக்கருவியைக் கைக்கொண்டார். விலை கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நிபந்தனை உண்டு. இலவசமாகப் பயன்படுத்துவோர் அதற்குப் போட்டியாக வேறொன்றை ஆக்கலாகாது. இரவற் பொருளை நம்பலாமோ என்று அன்றே சிலர் ஐயுற்றனர்.

2005-இல் அவுஸ்திரேலியரான அன்ட்ரூ டிரிட்ஜெல், பிட்கீப்பருடன் தொடர்புகொள்ளவல்ல வேறொரு கருவியை எழுத முற்பட்டார். மக்வோய் இலவச உரிமையை நிறுத்தினார். டோர்வால்ட்ஸ் சோர்ந்திருந்தாரல்லர். ஏப்ரல் 3-ஆம் திகதி தாமே ஒரு கருவியை எழுதத் தொடங்கினார். 7-ஆம் திகதியே அது தன் மாற்றங்களைத் தானே பதிவுசெய்தது. அதுவே இன்று உலகெங்கும் வழங்கும் கிட்.

2016-இல் பிட்கீப்பரின் மூலநிரலும் யாவர்க்கும் திறந்துவிடப்பட்டது. ஆயின், காலம் கடந்துவிட்டது.

மக்வோயைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. பொருளுக்குரியவர் நிபந்தனை விதித்தல் முறையே. டோர்வால்ட்ஸும் அக்கருவியின் சிறப்பை மறுத்தாரல்லர். அதனிடம் கற்றதையே தம் கருவிக்கு அடிப்படையாக்கினார். மூன்றாண்டு பழகிக் கற்றமையாலன்றோ, சில நாளில் ஆக்க முடிந்தது!

இளைஞர்களே, இரவல் வாங்குதல் இழிவன்று. கையில் இருக்கும்போதே கற்றுக்கொள்ளாமையே இழிவு.