கடை மூடியபோதும், திறந்தபோதும்
(குறுவள மையக் கூட்டத்தில் அரியக்குடி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



2021 நவம்பர் 1 அன்று தொடக்க, நடுநிலை வகுப்புகள் மீண்டும் திறந்தன. என் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் முதல் பாடவேளையிலேயே தூங்கி விழுந்தான். இரண்டு நாள் கண்டித்தேன். மூன்றாம் நாள் தனியாகக் கேட்டேன். "அப்பா தூங்குற வரைக்கும் நாங்க யாரும் தூங்க மாட்டோம் டீச்சர்" என்றான். கண்டித்ததற்கு இன்றும் வருந்துகிறேன்.

அவன் அப்பா கொத்தனார். 2020 மார்ச் இறுதியில் மதுக்கடைகள் மூடப்பட்டதும் அவருக்குக் கை நடுங்கியது, வியர்த்தது, சுவரில் பூச்சி ஊர்வதாகக் கத்தினார். காற்றுக் கருப்பு என்று வீட்டில் விபூதி பூசினார்கள். உண்மையில் அது மது திடீரென நின்றதால் வந்த நோய். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும்.

மே 7இல் கடைகள் திறந்தன. மறுநாள் உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்சநீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததும், மே 16இல் மீண்டும் திறந்தன. வேலையில்லை, மனதில் பயம். மாலையில் மட்டும் குடித்தவர் பகலிலும் குடித்தார். இது நம் ஊர்க் கதை மட்டுமன்று. அமெரிக்காவில் மது தொடர்பான இறப்புகள் 2019இல் சுமார் 79,000. 2020இல் சுமார் 99,000.

மதுவைச் சிதைக்கும் வேலை பெரும்பாலும் கல்லீரலுடையது. சுமை கூடினால் அதில் முதலில் கொழுப்பு படியும், பிறகு அழற்சி, கடைசியில் கல்லீரல் சுருங்கி இறுகும். முதல் நிலையில் குடியை நிறுத்தினால் பெரும்பாலும் மீளலாம். நோய் எதிர்ப்பாற்றலும் குறையும். "சரக்கு அடித்தால் கொரோனா சாகும்" என்ற வதந்தி நினைவிருக்கிறதா? ஈரானில் அதை நம்பி, மெத்தனால் கலந்த சாராயம் குடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். கையில் தேய்க்கும் திரவம் தோலின் மேல் உள்ள கிருமியைக் கொல்லும். வயிற்றுக்குள் போகும் மது நுரையீரலில் உள்ள கிருமியை எதுவும் செய்யாது.

நாம் என்ன செய்யலாம்? மதுவின் தீமை பற்றிய பாடத்தில் "குடிகாரன்" என்று சொல்லாதீர்கள். அவர் பிள்ளை எதிரில் உட்கார்ந்திருக்கிறது. தூங்கும் பிள்ளையைத் தனியாக அழைத்துக் கேளுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்ணைத் தாயிடம் எழுதிக் கொடுங்கள்.

அந்த மாணவனின் தாய் கணவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். நடுவில் இரண்டு முறை பழக்கம் திரும்பியது. இரண்டு முறையும் மீண்டும் அழைத்துப் போனார். பையன் இப்போது வகுப்பில் தூங்குவதில்லை.