மூலையில் ஒரு பெயர்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



இன்ஜினியரைப் பேசக் கூப்பிட்டால் பாலம், பாய்லர் என்று ஏதாவது சொல்வான் என நினைத்திருப்பீர்கள். நான் பேசப்போவது செடிகொடிப் படங்களைப் பற்றி. நம்ம டிராயிங் ஹாலுக்கும் அதில் பங்கு உண்டு, கொஞ்சம் பொறுங்கள்.

ராபர்ட் வைட் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டராக 1819-ல் இங்கே வந்தார். பின்னாளில் கோயம்புத்தூரில் பருத்திச் சோதனைகளையும் நடத்தினார். ஆனால் மனசெல்லாம் செடியில்தான். 1838 முதல் 1853 வரை நம் நாட்டுத் தாவரங்களின் படங்களைச் சென்னையிலேயே கல்லச்சில் அடித்து, ஆறு தொகுதிகளாக வெளியிட்டார். மொத்தம் 2,101 படங்கள். வண்ணம் கிடையாது, வெறும் கோடுதான்.

ஒரு படத்தை எடுத்துப் பாருங்கள். நடுவில் ஒரு கிளை, இலையும் பூவுமாக. ஓரத்தில் பூவைப் பிரித்து இதழ், மகரந்தத்தாள், சூலகத்தின் குறுக்குவெட்டு என்று தனித்தனியே பெரிதாக்கி, எண் போட்டிருக்கும். எலிவேஷன், செக்‌ஷன், பார்ட் டீடெயில்! நாம் மினி டிராஃப்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்து கற்றதெல்லாம் அங்கே இருக்கு. காய்ந்த செடியில் நிறம் போய்விடும், பூ நசுங்கிவிடும். அந்த உருவத்தை வேறு ஊர் ஆராய்ச்சியாளனுக்குக் கொண்டுபோனது இந்தக் கோடுகள்தான்.

கோடு போட்டது வைட் அல்ல. முதலில் ரங்கய்யா, 1840-களின் நடுவிலிருந்து கோவிந்து. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்களுக்கு நம்மவர்கள் வரைந்த எத்தனையோ படங்களில் வரைந்தவர் பெயரே இருக்காது. வைட் அப்படி விடவில்லை. படத்தின் அடியில், மூலையில், பொடி எழுத்தில் அவர்கள் பெயர் அச்சாகியிருக்கிறது. 1853-ல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் ‘கோவிந்தூயியா’ என்றே பெயர் வைத்தார். பிறகு அது ட்ரோபிடியா என்ற பழைய பேரினத்தில் சேர்ந்துவிட்டது. அறிவியல் விதி அப்படி, குறை சொல்ல முடியாது. ஆனால் மூலையில் இருந்த அந்தப் பெயர்கள் வீண் போகவில்லை. எடின்பரோ தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த ஹென்றி நோல்ட்டி, வைட்டையும் இந்த ஓவியர்களையும் பற்றி 2007-ல் மூன்று தொகுதிகள் வெளியிட்டார். பெயர் இல்லாவிட்டால் எதை வைத்துத் தேடியிருப்பார்?

நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில் ஒரு பெரியவர், டிராஃப்ட்ஸ்மேன். முப்பது வருஷம் கையால் வரைந்தவர். அவர் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது டைட்டில் பிளாக்கையும் மாற்றினார்கள். ‘வரைந்தவர்’ கட்டத்தில் ஸ்கேன் செய்தவர் பெயர்! “போகட்டும் தம்பி, கோடு என்னுதுதானே” என்றார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நம்ம டிராயிங் ஹால் பீரோவிலும் பழைய டிரேசிங் ஷீட்டுகள் இருக்கு. பலவற்றில் இனிஷியல் மட்டும்தான். மூத்த அண்ணன்மார்கள் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே வாருங்கள். எது யாருடையது என்று சொன்னால், தம்பிகள் பென்சிலால் பின்பக்கம் குறித்துக்கொள்வார்கள். பீரோ சாவியை வாங்கி வைத்திருக்கிறேன்.