டிலைட் தியேட்டரும் நம் சங்க ஹாலும்
(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



நம் சங்க ஹாலை பனியன் பேக்கிங் குடோனாக வாடகைக்கு விடலாமா என்பதுதான் இன்றைய பேச்சு. அதற்கு முன் கோயம்புத்தூர் டிலைட் தியேட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அதைக் கட்டியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். ரயில்வேயில் குமாஸ்தா. (நம்ம ஜாதிதான்!) 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரும் மௌனப் படங்களும் வாங்கினார். வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். தென்னிந்தியாவில் முதன்முதலாக எழுந்த நிரந்தரத் தியேட்டர்களில் அது ஒன்று. பின்னாளில் டிலைட் ஆனது. கடைசிக் காலத்தில் பழைய எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களாக ஓட்டினார்கள். இப்போது கட்டடமே இல்லை, இடித்தாயிற்று. வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயர்தான் மிச்சம்.

சென்னையிலும் இதே கதைதான். 1961-இல் திறந்த சாந்தி தியேட்டர் 2016-இல் மூடியது. உதயம் 2024-இல்.

வங்கியில் கணக்குப் பார்த்தவன் நான். தியேட்டர்காரர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை. மெயின் ரோட்டு மனையின் மதிப்பு ஒரு பக்கம், பாதி காலியான சீட் இன்னொரு பக்கம். எந்த ஆடிட்டரும் விற்கத்தான் சொல்வார். போகாமல் இருந்தது நாம்தானே! வீட்டில் பெரிய டிவி வந்தது, அப்புறம் செல்போன் வந்தது.

ஆனால் நம்மூரில் சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு படத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் எங்கே போவார்கள்? மால் தியேட்டரில் டிக்கெட்டை விட பாப்கார்ன் விலை அதிகம். நம் வாட்ச்மேனும், வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களும் அங்கே போய் நான் பார்த்ததில்லை.

நம் ஹாலில் பொங்கலுக்குக் கும்மி நடக்கிறது. நவராத்திரிக்குப் பிள்ளைகள் பாடுகிறார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டு. காலியாகக் கிடப்பதால்தான் குடோன் யோசனையே வந்தது. பொருளாளர் தம்பி சொல்வது நியாயம்தான், லிஃப்ட் பராமரிப்புக்குப் பணம் வேண்டும். அதற்கு வீட்டுக்கு மாதம் அறுபது ரூபாய் கூட்டினால் போதும், கணக்குப் போட்டு அவரிடமே கொடுத்திருக்கிறேன்.

மாதக் கடைசி ஞாயிறு சாயங்காலம் ஹாலில் படமோ பாட்டுக் கச்சேரியோ வைப்போம். வேலைக்கு வருகிறவர்களும் பிள்ளைகளோடு வந்து உட்காரட்டும். என் வீட்டில் ஒரு புரொஜக்டர் சும்மா கிடக்கிறது, கொண்டுவந்து தருகிறேன். திரைக்கு வெள்ளைத் துணி திருப்பூரில் கிடைக்காமலா போகும்?