சுற்றுப்பாதை இருளில் சோழர் தீட்டிய வண்ணம்

இருளைக் கண்டு குழந்தை அழுகின்றது. ‘அங்கு ஒன்றுமில்லை’ என்றால் அழுகை நிற்பதில்லை. விளக்கைக் காட்டினால் நிற்கின்றது. மரணத்தை எண்ணி நள்ளிரவில் விழித்திருக்கும் முதியோர்க்கும் அவ்வச்சமே மீள்கின்றது.

தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் கருவறையைச் சூழ்ந்து, இரு சுவர்களுக்கு நடுவே ஒரு குறுகிய பாதை உண்டு. பகலிலும் இருள் செறிந்த இடம். 1010-இல் நிறைவெய்திய அத்திருக்கோயிலில், இராசராசன் காலத்து ஓவியர் அங்கு விளக்கொளியிலன்றோ தீட்டியிருத்தல் வேண்டும்! சுண்ணச்சாந்து உலருமுன் வண்ணம் ஏற வேண்டும். காவி மண் சிவப்பாயிற்று, கரி கருமையாயிற்று. இருளின் நிறமும் அவர்க்கு ஒரு வண்ணமே.

அங்கே திரிபுராந்தகர் எண்தோள் வீசித் தேர்மீது வில்லேந்தி நிற்கின்றார். எதிரே சினந்தெழும் அசுரர். அவர்களை அஞ்சிப் பற்றிக்கொள்ளும் மகளிர். அடியேன் பெரிதும் வியப்பது இம்மகளிரையே. ஓவியன் அச்சத்தை மறைத்தானில்லை. அதற்கு முகமும் நிறமும் தந்து இறைவன் திருமுன் நிறுத்தினான். மற்றொரு சுவரில் சுந்தரர் வெள்ளானை மீதும் சேரமான் பெருமாள் குதிரை மீதும் கயிலைக்குச் செல்கின்றனர். உலகைவிட்டு நீங்கும் அப்பயணத்தில் அழுகையொலி இல்லை.

இன்று அன்பர் யாவரும் அங்கு உட்புகல் இயலாது, படங்களிலேனும் காண்க. நாயக்கர் காலத்தில் இவற்றின்மேல் வேறு ஓவியம் எழுதப்பட்டது. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி அவர்கள் விளக்கோடு அங்கு நுழைந்தார்கள். மேற்பூச்சு உதிர்ந்திருந்த இடத்தில் சோழர் கோடுகள் தெரிந்தன.