கதம்பத்தில் வந்த பக்கத்துத் தெரு ஸங்கீதம்

(செம்பூரில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கமிட்டியார் எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு "தொகுப்புத் தட்டுகளில் நான் கேட்ட ஸங்கீதம்". இருபது நிமிஷத்துக்கு மேல் போனால் காபி ஆறிவிடும் என்று காரியதரிசி முன்கூட்டியே எச்சரித்திருக்கிறார். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மாதுங்காவில் கோவில் வாசலில் பூ வாங்குகிறவர்களுக்குக் கதம்பம் தெரியும். மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து, துளசி எல்லாம் ஒரே நாரில். தனியாக மரிக்கொழுந்து ஒரு முழம் கொடு என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் கதம்பத்தில் அது இல்லாவிட்டால் உடனே தெரிந்துவிடும். பலர் பாட்டையும் சேர்த்துப் போடுகிற தொகுப்புத் தட்டும் அப்படித்தான். தனிக் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்துப் போய் நாம் கேட்டிருக்கவே மாட்டோம் என்கிற ஒருவர், நமக்குப் பழக்கமான இருவருக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு நம் காதுக்குள் வந்துவிடுகிறார்.

நம் தேசத்தில் இசைத்தட்டுப் பதிவு ஆரம்பமானது 1902-ல். கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடினார். தட்டின் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம்தான். பாட்டு முடிந்ததும் தம் பெயரை அவர் இங்கிலீஷில் சொல்லி முடிப்பார். தட்டு அச்சாகும் ஊரில் எந்தப் பாட்டு யாருடையது என்று குழம்பக்கூடாதே, அதற்காக. அந்தக் காலத்துத் தட்டுகளில் பெரும்பாலானவை ஒரு முறை விற்றதோடு சரி, மறுபடி அச்சாகவில்லை. நெடுங்காலம் கழித்துச் சேகரிப்பாளர்கள் பழைய கடைகளிலும் வீட்டுப் பரண்களிலும் தேடி எடுத்து, சுத்தம் செய்து, இருபது முப்பது பாட்டுகளை ஒன்றாகக் கோத்தபோதுதான் அவை நமக்குக் கிடைத்தன. ராபர்ட் மில்லிஸ் என்ற அமெரிக்கர் 2015-ல் "இண்டியன் டாக்கிங் மெஷின்" என்று ஒரு புஸ்தகமும் அதோடு இரண்டு சி.டி.க்களும் கொண்டுவந்தார். பழைய தட்டுகள், கிராமபோன் பெட்டிகள், அவற்றைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் என்று படங்களும் நிறைய. யோக்யமான தொகுப்பு என்றால் அதில் பாடினவர் பெயரோடு எங்கே, எப்போது என்பதும் இருக்க வேண்டும். இப்போது போனில் தானாகவே ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகிறதே, அதை நான் தொகுப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். ஊர் பேர் இல்லாத பிரவாகம் அது.

கோயம்புத்தூர் தாயி என்ற பெயரை இங்கே எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள்? 1872-ல் பிறந்து 1917-ல் காலமானவர். தட்டு யுகத்தின் முதல் சில வருஷங்களிலேயே ஏராளமாகப் பாடிக் கொடுத்தவர். ராவெலின் சிஷ்யரான மோரிஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் 1912-ல் இந்தியா வந்தார். தாயி பாடிய ராமலிங்க ஸ்வாமிகளின் அருட்பா தட்டைக் கேட்டு மயங்கி, அதையே பியானோவில் "ராகமாலிகா" என்று அமைத்தார். பியானோவின் ஒரு தந்திக்குக் கீழே அட்டையைச் செருகி அதன் நாதத்தை மந்தமாக்கச் சொன்னாராம். பாரிஸ்காரருக்கு எட்டிய தாயி நம் ஸபா மேடைகளின் நினைவில் தங்கவில்லை. தேவதாஸி மரபில் வந்தவர் என்பதும் அதற்கு ஒரு காரணம். இன்று அவர் குரல் நமக்குக் கேட்கிறது என்றால், அந்த உபகாரம் பழைய தட்டுகளைச் சேர்த்தவர்களுடையது.

இனி மும்பைக்கு வருகிறேன். வெளியூர் அங்கத்தினர்களும் இதைப் பத்திரிகையில் படிப்பார்கள், அவர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கிங்ஸ் ஸர்க்கிளில் ஷண்முகானந்தா. 1952-ல் ஸபா ஆரம்பம், 1990-ல் ஹாலில் தீ விபத்து, 1998-ல் மறுபடி திறப்பு. அங்கிருந்து தாராவி கூப்பிடு தூரம். தாராவியில் ஒரு பகுதிக்குப் பெயரே மாதுங்கா லேபர் காம்ப். பின்கோடு பார்த்தால் மாதுங்கா 19, தாராவி 17. இரண்டு இடத்திலும் தமிழ்தான். நம் பெரியவர்கள் டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹாண்டும் கற்றுக்கொண்டு ஆபீஸ் உத்தியோகத்துக்கு வந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள் தாராவியில் குடியேறினார்கள். அவர்களில் பலர் தலித்துகள். இருவரும் தாதரில் இறங்கியவர்கள்தான். அப்புறம் ஒருவர் பாட்டை மற்றவர் கேட்க ஒரு சந்தர்ப்பமே அமையவில்லை. "அமையவில்லை" என்பது மரியாதையான வார்த்தை. ஜாதி என்று நேராகச் சொன்னாலும் இந்த ஹாலில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அந்தச் சந்தர்ப்பத்தைச் சினிமாத் தட்டுகள் கொடுத்தன. 2018-ல் பா. ரஞ்சித்தின் "காலா". கதை தாராவியில் நடக்கிறது, ரஜினிகாந்த் திருநெல்வேலிக் குடும்பத்துக்காரராக வருகிறார். சந்தோஷ் நாராயணன் தம் பாட்டுகளில் டோப்படெலிக்ஸ் என்ற தாராவிக் கோஷ்டியைச் சேர்த்துக்கொண்டார். தாராவியிலேயே வளர்ந்த பையன்கள் தமிழில் ராப் சொல்கிறார்கள். ராப் என்றால் என்ன என்று கேட்கிற மாமாக்களுக்கு: ராகம் இல்லாமல், தாளத்தின் மேல் வார்த்தைகளை எதுகை மோனையோடு வேகமாக அடுக்கிச் சொல்வது. அவர்கள் சொல்கிற தமிழ் நம் தமிழ் அல்ல. மதராஸ் தமிழும் அல்ல. நெல்லைப் பேச்சில் ஹிந்தி ஏறிய தாராவித் தமிழ்.

அடுத்த வருஷம் "கல்லி பாய்". ஜோயா அக்தரின் படம். அதன் ஆல்பத்தில் 18 பாட்டுகள். ஒரே இசையமைப்பாளர் உட்கார்ந்து போட்டதல்ல. அங்கூர் திவாரி மேற்பார்வையில், மும்பையின் சந்துகளிலிருந்து பலரைக் கூட்டிவந்து கோத்த அசல் கதம்பம். டிவைனும் நேஸியும் 2015-லேயே வெளியிட்டுப் பிரபலமான ஒரு பாட்டு அதில் புது உருவத்தில் இருக்கிறது. படத்தை நான் ஒரு தடவைதான் பார்த்தேன். ஆல்பத்தைப் பல தடவை கேட்டிருக்கிறேன்.

அதில் "இண்டியா 91" என்று ஒரு பாட்டு. முதல் தடவை கேட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். காரணம் கொன்னக்கோல். நம் கொன்னக்கோல்! இசை அமைத்தவர் விவேக் ராஜகோபாலன், மும்பை மிருதங்க வித்வான். "தா தோம் ப்ராஜெக்ட்" என்ற பெயரில் ராப் சொல்கிற பையன்களுக்குச் சொல்கட்டும் கணக்கும் சொல்லிக்கொடுத்து வந்தவர். இந்தப் பாட்டில் எம்.ஸி. அல்தாஃப், எம்.ஸி. தோட்ஃபோட், 100 ஆர்.பி.ஹெச்., மஹார்யா, நாக்ஷியஸ் டி என்று ஐந்து பேர், பல பாஷைகளில். அல்தாஃப் தாராவிக்காரர். 2019-ல் அவர் போட்ட தனிப்பாட்டின் பெயரே "கோட் மும்பை 17", அதாவது அந்தப் பின்கோடுதான்.

இதில் கணக்கு எங்கே வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. ராப் பெரும்பாலும் நான்கு நான்காகப் போகிற நடை, நம் பாஷையில் சதுச்ரம், தகதிமி. அதிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் சீக்கிரம் அலுத்துவிடும். அந்தப் பையனிடம் தகதகிட என்று கண்டத்தைக் கொடுத்து, வார்த்தைகளை ஐந்தைந்தாக அடுக்கு, கை மட்டும் நான்கிலேயே போடட்டும் என்றால் என்ன ஆகும்? ஒவ்வொரு அடுக்கும் தாளத்திலிருந்து ஒரு அக்ஷரம் நழுவும். இருபதாவது அக்ஷரம் முடிந்து இரண்டும் ஸமத்தில் சந்திக்கும்போது கேட்கிறவனுக்கு ஒரு சொடுக்கு. தகிட தகதிமி என்று மிச்ரத்தை வைத்தால் இருபத்தெட்டில் சேரும். தனி ஆவர்த்தனத்தில் மோரா முடிந்து பாட்டு எடுக்கிற இடத்தில் நாம் "பேஷ்" என்று தலையை ஆட்டுகிறோமே, அதே சந்தோஷம்தான். அந்த வயசுப் பையன்கள் இதை ஸபாவில் கற்கவில்லை. அங்கே அவர்களை யாரும் கூப்பிடவும் இல்லை.

"இது ஸங்கீதமா?" என்று எங்காத்திலேயே கேட்டார்கள். கொன்னக்கோலிலும் ராகம் கிடையாதே என்றேன். பதில் வரவில்லை, காபி வந்தது. எல்லாமே எனக்குப் பிடித்தது என்று பொய் சொல்ல மாட்டேன். சில பாட்டுகளில் வசவு அதிகம், சிலவற்றில் சத்தம்தான் அதிகம். ஆனால் தண்ணீர், இடநெருக்கடி, போலீஸ், அப்பாவின் சம்பளம் என்று அவர்கள் சொல்கிற விஷயங்கள் நம் பாட்டுகளில் கிடையாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். டி.எம். கிருஷ்ணா 2020-ல் மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி "செபாஸ்டியன் அண்ட் ஸன்ஸ்" என்று ஒரு புஸ்தகம் எழுதினார். பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் சேர்ந்துதான் மிருதங்கம். அந்தத் தோலைப் பதம் பார்த்து மூட்டுகிற கைகள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்களுடையவை. தோல் வேலையால் வளர்ந்த தாராவியின் பையன் மிருதங்கச் சொல்லை வாயில் எடுத்துக்கொண்டால், இரவல் வாங்கினான் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

ஆல்பம் வந்த பிறகு நடந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். தோட்ஃபோட், இயற்பெயர் தர்மேஷ் பர்மார், 2022 மார்ச்சில் 24 வயதில் காலமானார். அதே வருஷம் நவம்பரில் தாராவி மறுசீரமைப்புக்கான டெண்டர் முடிவாயிற்று. யார் அங்கேயே இருப்பார்கள், யார் வேறு இடத்துக்குப் போக வேண்டும் என்பது அங்கே வீட்டுக்கு வீடு பேச்சு. ஒரு சந்தில் பத்துப் பையன்கள் கூடி நின்றதால் பிறந்த பாட்டு, அந்தப் பத்துப் பேரும் பத்துத் திசையில் குடியேறினால் அதே மாதிரி பிறக்குமா என்று எனக்குக் கவலை. தாயியின் தட்டைப் பரணிலிருந்து எடுக்க நூறு வருஷம் ஆயிற்று. இவர்களை நேரில் கேட்க நமக்கு ஒரு டாக்ஸி போதும்.

கமிட்டிக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வருகிற வருஷாந்திர விழாவில் ஒரு மாலை, மிருதங்க வித்வான் ஒருவரையும் தாராவிப் பையன்கள் நால்வரையும் ஒரே மேடையில் உட்கார்த்த வேண்டும், ஸன்மானமும் ஸமமாக இருக்க வேண்டும் என்று. பொதுக்குழுவில் வோட்டுக்கு வரும்போது தயவுசெய்து தூங்கிவிடாதீர்கள்.

இப்போது மூன்று பாட்டு போடச் சொல்லியிருக்கிறேன். முதலில் கோயம்புத்தூர் தாயி, கொஞ்சம் கரகரக்கும். அடுத்து "இண்டியா 91". கடைசியில் டோப்படெலிக்ஸ். மைக்காரர், வால்யூமைக் குறைக்க வேண்டாம். முன் வரிசை மாமிகள் கையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள், ஐந்து எங்கே வருகிறது என்று அப்புறம் எனக்குச் சொல்ல வேண்டும்.